ஒரு விரல் இடைவெளி

மேஜை விளிம்பில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரல் உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய்க்கு எது தெரியுமோ அதைப் பார்க்க நான் கற்றுக்கொண்டது பத்தொன்பது வயதில், சேலையூரில், ஒரு நண்பன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். இன்றும் இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதைப் பார்த்தால் என் கழுத்து தானாகக் குனிகிறது. தாம்பரம் யார்டில் நிற்கும் இரண்டு ரயில் பெட்டிகளுக்கு நடுவில், கேம்ப் ரோட்டில் நெருக்கிக் கட்டிய இரண்டு கடைகளுக்கு நடுவில். அந்தப் பக்கம் பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு சைக்கிள், ஒரு தண்ணீர்க் குடம். ஆனாலும் பார்த்து முடிக்காமல் அங்கிருந்து நகர மாட்டேன்.

அப்போது நான் பொத்தேரியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். வீடு மாடம்பாக்கத்தில், பெரிய கோயிலைத் தாண்டி உள்ளே. அப்பாவுக்குக் கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எங்கள் தெருவில் காகிதம் என்று எது வந்தாலும் முதலில் என்னிடம் வரும். ரேஷன் கார்டு, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு. அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்து நீட்டுவார். "இதுல இன்னா போட்டுக்கீதுன்னு பாத்து சொல்லு." நான் சொல்வேன். அவர் "சரி" என்பார். அவ்வளவுதான். நான் சொன்னது சரியா என்று வேறு யாரிடமும் போய்க் கேட்டதில்லை.

எழுதி வைத்த விதிகள் மேல் எனக்கு அப்படி ஒரு பிடிப்பு. விண்ணப்பத்தில் இரண்டு நகல் என்று போட்டிருந்தால் இரண்டு போதும். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் மூன்று கேட்டால், அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டலாம். என்னை மாதிரி ஆளுக்குச் சிபாரிசு கிடையாது, பழக்கம் கிடையாது. எழுத்து ஒன்றுதான் என் பக்கம் நின்றது.

அந்த நண்பன் என் வகுப்பு. சேலையூரிலிருந்து வருபவன். தாம்பரத்தில் இருவரும் ஒரே மின்சார ரயிலில் ஏறுவோம். அம்மா பள்ளி ஆசிரியை, அப்பாவுக்கு ரயில்வே வேலை, ஞாயிற்றுக்கிழமையும் ட்யூட்டி இருக்கும். காலையில் சர்ச், மதியம் பிரியாணி, அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிடும். அப்படி ஒரு ஞாயிறில்தான் அவன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, இரண்டு ஷூ பெட்டிகளைத் திறந்து காட்டினான். பஞ்சுக்குள் வரிசையாகச் சிப்பாய்கள். ஒரு பெட்டியில் சிவப்புச் சட்டை, ஒன்றில் நீலச் சட்டை. பொத்தான் ஒவ்வொன்றுக்கும் ஊசிமுனையால் வைத்தது போல மஞ்சள் புள்ளி.

எல்லாம் அவன் அண்ணன் பெயின்ட் அடித்தது. வெளிநாட்டில் இருந்த மாமா ஒருவர் அனுப்பிய சிப்பாய்கள், கூடவே அந்த விளையாட்டின் விதிப் புத்தகம். அண்ணன் அதை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்தான். அண்ணன் இறந்து அப்போது இரண்டு வருடம். ஒன்பது நாள் காய்ச்சல். மேஜைக்கு எதிர்ச் சுவரில் படம் மாட்டியிருந்தார்கள். கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு.

மேஜைமேல் பச்சை பெட்ஷீட் விரிப்போம். தெர்மோகோலில் குன்று, உடைந்த ஓட்டுத் துண்டுகளில் சுவர், தையல்காரர் டேப்பில் தூரம். யார் எவ்வளவு நகரலாம், பீரங்கி எவ்வளவு தூரம் சுடும், பகடையில் எத்தனை விழுந்தால் ஆள் சாவான் என்று எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் கணக்கு இருந்தது. நான் அதை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்தேன். ஆனால் முன்னுரையிலேயே ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. இந்தப் புத்தகம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது, சந்தேகம் வந்தால் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் நன்றாக இருப்பதுதான் முக்கியம் என்று அதில் இருந்தது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற விதிப் புத்தகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பேசி ஒத்துக்கொள்வது என்றால் பேசத் தெரிந்தவன் ஜெயிப்பான் என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தான்.

அண்ணனும் தம்பியும் பேசி ஒத்துக்கொண்டவை அந்த நோட்டில் இருந்தன. எல்லாம் அண்ணன் கைப்பட எழுதியது. ஒவ்வொரு வரியும் "என்று வைத்துக்கொள்வோம்" என்று முடியும். பூனை மேஜைமேல் ஏறினால் அது நிலநடுக்கம் என்று வைத்துக்கொள்வோம், விழுந்தவர்கள் எழுந்து நிற்கலாம். அம்மா டீ கொண்டுவந்தால் இரு படைக்கும் போர் நிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம். தோற்றவன், ஜெயித்தவனின் படையை முதலில் பஞ்சில் வைத்து மூடுவான் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பேர் கையெழுத்து.

அதில் ஒன்றைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீரங்கிக்கு எதிரி கண்ணில் பட்டால்தான் சுட முடியும். நடுவில் சுவரோ குன்றோ இருந்தால் தெரிகிறதா இல்லையா என்று தகராறு வரும். அதற்கு அண்ணன் எழுதியிருந்தது இது: யாருடைய ஆள் சாகப்போகிறானோ அவனே குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சுடுகிறவன் அறையின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். சொன்ன பிறகு இன்னொரு தடவை கேட்கக் கூடாது.

"பொய் சொன்னா?" என்று கேட்டேன்.

"சொன்னா சொல்லிட்டுப் போறான். அடுத்த ஞாயித்துக்கிழமை அவன்கூட யார் ஆடுவா?"

சில வாரங்கள் எனக்கு அது பிடிபடவில்லை. அவன் என் சிப்பாயைக் குறிவைத்துவிட்டு நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு குனிந்து பார்த்து, "தெரியுதுடா" என்பேன். அவன் திரும்பி, பகடை போட்டு, என் ஆளைச் சாகடிப்பான். மெதுவாக ஒன்று புரிந்தது. அந்த மேஜையில் யாரும் என்னைச் சரிபார்க்கவில்லை. அப்பா காகிதத்தை நீட்டுவதைப் போலத்தான் அவனும் முதுகைக் காட்டினான். ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுவாகிவிட்டது. ஏழு மாதம் ஆடினோம். நான் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. அது மட்டும் உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, மேஜையில் ஆட்டம் ஏற்கெனவே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. பாதி சிப்பாய்கள் ஏற்கெனவே செத்து வெளியே போயிருந்தார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்து, அதில் பென்சிலில் வரைந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, டேப்பால் அளந்து ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் பாதியில் விட்டுப்போன ஆட்டம் என்றான். காய்ச்சல் வந்த அன்று ஆடியது. அண்ணன் படுத்த பிறகு யாருக்கும் அதைக் கலைக்க மனம் வரவில்லை. ஒன்பது நாளும் மேஜை அப்படியே இருந்தது. வீட்டில் எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பத்தாம் நாள் வீடு நிறைய ஆட்கள் வரப்போகிறார்கள் என்றதும், அவன் அவசரமாகப் படம் வரைந்துகொண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறான்.

"இன்னிக்கு முடிச்சிடலாம் மச்சான். நான் அண்ணன் சைடு. நீ என் எடத்துல உக்காரு."

சிவப்பு அண்ணனுடையது. நீலம் எனக்கு. கடைசியாக, என் கொடிக்காரனுக்கு முன்னால் இரண்டு ஓட்டுச் சுவர்களை வைத்தான். நடுவில் தன் சுண்டுவிரலை நுழைத்தான், எடுத்தான், மறுபடி நுழைத்துப் பார்த்தான். படத்தை அவ்வளவு மதிக்கிறான் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் சிவப்பின் முறையில் நின்றிருந்தது. உட்கார்ந்ததும் அவன் சொன்னான், குன்றின்மேல் இருக்கும் பீரங்கி என் கொடிக்காரனைச் சுடுகிறது என்று. கொடி விழுந்தால் படை ஓடிவிடும், ஆட்டம் முடிந்தது. பகடையில் நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் போதும். "பாத்து சொல்லு" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு எதிரில் அண்ணன் படமும் அந்தச் சிவப்பு பல்பும்.

நான் கன்னத்தை மேஜையில் வைத்தேன். பெட்ஷீட்டில் சோப்பு வாசனை. ஒரு கண்ணை மூடினேன். சுவர்களுக்கு நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு, அதன் முடிவில் பீரங்கியின் வாய், வட்டமாக, கறுப்பாக. அதற்குப் பின்னால் பீரங்கிக்காரன் மார்பில் ஒரு மஞ்சள் பொத்தான். ஒன்று மட்டும். செத்துப்போன ஒருவன் ஊசிமுனையால் வைத்த புள்ளி என்னையே பார்த்தது.

என்ன நினைத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பெரிதாக எதுவும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. உட்கார்ந்தவுடனே ஆட்டம் முடிந்துவிடக் கூடாது என்று தோன்றியது. நீலத்துக்கு அந்த நிலையிலிருந்து ஜெயிக்க வழி இருந்தது. உட்காரும்போதே அதைப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்றும் இருந்திருக்கலாம்.

"தெரியல," என்றேன்.

அவன் உடனே திரும்பவில்லை. முதுகு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"நல்லாப் பாத்தியா?"

ஏழு மாதத்தில், நான் சொன்ன பிறகும் அவன் மறுபடி கேட்டது அன்று மட்டும்தான். நோட்டில் அண்ணன் எழுதியதை அவனே மீறினான். அது எனக்குத் தப்பிக்க ஒரு கதவு என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. விதி தெரியாதா இவனுக்கு என்று.

"பாத்துட்டேன்டா."

"சரி."

முக்கால் மணி நேரத்தில் நான் ஜெயித்தேன். அவன் கை கொடுத்தான். பிறகு என் நீலச் சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பஞ்சில் வைத்து மூடினான். கொடிக்காரனைக் கடைசியாக. என்னை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டான். வழியில் செமஸ்டர் பற்றி ஏதோ பேசினோம்.

அந்த வாரம் அப்பா ஒரு காகிதம் கொண்டுவந்தார். தண்ணீர் குழாய் இணைப்புக்கான கடிதம், ஒன்றுமில்லாத விஷயம். இரண்டு கையாலும் நீட்டினார். படித்துச் சொன்னேன். "சரி" என்றார். அவன் சொன்ன அதே சரி, அதே குரல். கடிதத்தைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை முதலிலிருந்து படித்தேன். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாடா ஆச்சு, கரெக்டா தானே சொன்ன?" என்றார். வகுப்பில் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அவன் எப்போதும் போல இருந்தான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ரயிலில் கதவோரம் நின்றபோது, எதிர்ப் பாதையில் போகும் ரயிலின் பெட்டிகளுக்கு நடுவில் வெளிச்சம் விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு கீற்றிலும் அந்த மஞ்சள் புள்ளி.

அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவது என்று போனேன். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடலாம் என்று வாக்கியத்தைக்கூடத் தயார் செய்திருந்தேன். அவன் மேஜையில் உட்கார்ந்திருந்தான். நோட்டு திறந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் தள்ளினான்.

அண்ணன் எழுதிய கடைசி வரிக்குக் கீழே புது மை. அவன் கைப்பட எழுதிய ஒரு வரியும் அந்த நோட்டில் அதுவரை இருந்ததில்லை. இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தால், அதன் வழியாகத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். கீழே அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். பக்கத்தில் எனக்கு இடம் விட்டு, பேனாவையும் வைத்திருந்தான்.

"போட்டுடு மச்சான். எழுதிட்டா அப்புறம் பிரச்சனை இல்ல."

நான் பேனாவைத் தொடவில்லை. தயார் செய்த வாக்கியம் எங்கோ போய்விட்டது.

"தெரிஞ்சுதுடா அன்னிக்கு. நல்லாத் தெரிஞ்சுது."

"தெரியும்."

அவன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு சொன்னான். காய்ச்சல் வந்த அன்று ஆட்டம் அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறது. அண்ணன் பீரங்கியைக் காட்டி, பாத்து சொல்லுடா என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறான். இவன் குனிந்து பார்த்திருக்கிறான். வெளிச்சக் கோடு, பீரங்கி வாய், ஒரு பொத்தான். இவனும் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறான். அண்ணன் சரி என்றான். இரண்டாம் தடவை கேட்கவில்லை. உடம்பு ஒரு மாதிரி இருக்கு, மீதியை நாளைக்கு ஆடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான். மறுநாள் ஜுரம் ஏறிவிட்டது. ஒன்பது நாளும் இவன் அந்த மேஜையைத் தாண்டித்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று. ஆனால் ஜுரத்தில் கிடக்கிறவனிடம் போய் பொம்மை பீரங்கியைப் பற்றி எப்படிப் பேசுவது.

"நீ தெரியுதுன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்டா," என்றான். "புக்குல இல்லாததை நீ ஒத்துக்கவே மாட்டியே. கிளாஸ்லயே நீ ஒருத்தன்தான் அப்படி. நீ என் எடத்துல உக்காந்து தெரியுதுன்னு சொல்லிட்டா, அண்ணன் சுட்டு முடிச்சிடுவான்னு நெனச்சேன்."

குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கு வராமல் போன மாதிரித்தான் சொன்னான். அவன் என்னை நம்பி அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பியபோது, அண்ணனுக்காகத்தான் நம்பினான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏழு மாதமாக என்னைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறான். நான் செய்ததற்கும் இடம் கொடுக்கிற மாதிரி இப்போது ஒரு விதியையும் எழுதி வைத்திருக்கிறான். அதில் அவன் அண்ணனிடம் சொன்ன பொய்க்கும் இடம் இருந்தது.

ஷூ பெட்டிகளை நான்தான் எடுத்தேன். மறுபடி அடுக்கலாம் என்றேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து இருவரும் அளந்து வைத்தோம். குன்று, பீரங்கி, கொடிக்காரன், இரண்டு ஓட்டுத் துண்டு. இந்தத் தடவை நான் என் விரலை நுழைத்துப் பார்த்தேன். அவன் உட்கார்ந்து, நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். "பாத்து சொல்லு" என்றுகூடச் சொல்லவில்லை.

குனிந்தேன். எல்லாம் அங்கேயே இருந்தது.

"தெரியுது," என்றேன். "பீரங்கி வாய் தெரியுது. பொத்தான் தெரியுது."

அவன் திரும்பிப் பகடையை எடுத்தான். வெகு நேரம் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு போட்டான். அது பெட்ஷீட் மடிப்பில் முட்டி நின்றது. ஐந்து.

விதிப்படி என் ஆளை நான்தான் எடுக்க வேண்டும். கொடிக்காரன் தலைமேல் விரலை வைத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"விடு. இது இன்னிக்கு விழுந்தது."

கையை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அண்ணன் போட்டிருந்தால் ஒன்றுகூட விழுந்திருக்கலாம். ஆறும் விழுந்திருக்கலாம். அந்தப் பகடையை இனி யாரும் போட முடியாது. எத்தனை பேசினாலும், எத்தனை "என்று வைத்துக்கொள்வோம்" எழுதினாலும், அதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. கொடிக்காரன் நின்றுகொண்டே இருந்தான். நோட்டில் எனக்கு விட்ட இடம் காலியாக இருந்தது.

உள்ளேயிருந்து அவன் அம்மா மூன்று தட்டோடு வந்தார். நாங்கள் ஆடும்போது அவர் மேஜைப் பக்கம் பார்வையைத் திருப்பியதே இல்லை. அன்று பார்த்தார். குன்றை, சிவப்பை, நீலத்தை, நடுவில் நின்ற இரண்டு ஓட்டுத் துண்டை. ஒன்பது நாள் அவர் தினமும் தாண்டிப் போன அதே ஆட்டம். தட்டுகள் கையிலேயே இருந்தன.

"இன்னும் முடியலையாப்பா?" என்றார்.

அவன் பதில் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் நாற்காலியை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் மேஜையைப் பார்த்தேன்.

"இல்லம்மா," என்றேன்.

அவர் ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்தார். மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.